வேகம் எங்கே தொலைகிறது? 17 வயது மிட்ஃபீல்டருக்கு ஒரு பதில்

கேள்வி:

வணக்கம். எனக்கு 17 வயது. ஒன்பது வயதிலிருந்து கால்பந்து ஆடுகிறேன்; நடுக்களம்தான் என் இடம். தொழில்முறை வீராங்கனையாக வேண்டும் என்பது என் ஒரே ஆசை. இந்த வருடம் இரண்டு கிளப்களின் டிரையலுக்குப் போனேன். இரண்டிலும், “டச் நன்றாக இருக்கிறது, வேகம் போதாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து, பயிற்சி போக, தினமும் காலையில் தனியாக 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, வெளிநாட்டுக் கிளப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி, ஐந்து வருட ஒப்பந்தத் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவோ, “முதலில் படிப்பு. பந்து சோறு போடுமா?” என்கிறார். நான் என்ன செய்வது?

பி.கு.: எடை குறைந்தால் வேகம் வரும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. முன்னங்கால் எலும்பில் கொஞ்சம் வலி இருக்கிறது. விளையாடுகிறவர்களுக்கு இது சாதாரணம்தானே?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பி.கு. போட்டுக் கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இது சாதாரணம் இல்லையம்மா. டிரையல், ஏஜென்ட், அப்பா எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் ஓட்டத்துக்கும் பயிற்சிக்கும் செலவானது போக, மிச்சம் இருப்பதை வைத்துத்தான் உடம்பு மற்ற எல்லா வேலையையும் பார்க்கிறது. மிச்சம் போதாதபோது, உயிருக்கு உடனடி அவசியமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் அதில் முதலில் நிற்பவற்றுள் ஒன்று. அது நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும் வேகமும் குறையும். ஓடும்போது எலும்பில் நுண்ணிய சேதம் விழுவது எல்லோருக்கும் உண்டு. ஓய்வில் அது ஆறிவிடும். உன் உடம்பில் இப்போது சேதம் கூடியிருக்கிறது, பழுது பார்ப்பது குறைந்திருக்கிறது. முன்னங்கால் வலியை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இந்த நிலைக்கு, அதாவது விளையாடுபவரின் உடம்புக்குத் தேவையான சக்தி கிடைக்காத குறைபாட்டுக்கு, ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. உன் வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலே மருத்துவரிடம் போக அது போதுமான காரணம். அதோடு எலும்பு வலியும் இருக்கும்போது தள்ளிப்போடவே கூடாது.

இன்று ஒன்று செய்து பார். முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பை விரல் நுனியால் மேலிருந்து கீழ்வரை அழுத்திக்கொண்டே வா. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வின் எரிச்சலாக இருக்கலாம். ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தாலோ, எலும்பின் முன்முகட்டிலேயே வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கக்கூடும். எப்படி இருந்தாலும் மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதே. இவ்வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். மாதவிடாய் நின்றதையும் சாப்பாட்டைக் குறைத்ததையும் மறைக்காமல் சொல். ரத்தத்தில் ஃபெர்ரிட்டின் (இரும்புச் சத்தின் இருப்பு), வைட்டமின் டி, தைராய்டு, ஹார்மோன் அளவுகளைப் பார்க்கச் சொல்வார்கள். மாதவிடாயை வரவழைக்க வெறும் மாத்திரை மட்டும் கொடுத்தால், “சாப்பாடு குறைந்ததற்கு என்ன செய்வது?” என்று கேள். மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு, உடம்பு தேறிவிட்டது என்பதற்கு அடையாளம் அல்ல.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? உன் எடை 55 கிலோ, அதில் கொழுப்பு நீங்கலாக 44 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 44 கிலோவில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 45 கலோரி, பயிற்சிச் செலவு போக, மிஞ்ச வேண்டும். அதாவது 1,980. 30க்குக் கீழே, அதாவது 1,320க்குக் கீழே தொடர்ந்து போனால் இப்போது நடப்பதுதான் நடக்கும். ஒரு பயிற்சிக்கு 500, 600 கலோரி செலவாகும் என்றால், நாளுக்கு 2,500 கலோரியாவது தேவை. அதில் மாவுச்சத்து, கடுமையான பயிற்சி நாளில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம். போட்டிக்கு முந்தைய நாளும் போட்டி நாளும் 6 முதல் 8 கிராம். புரதம் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. இரவுச் சாப்பாடு என்பது அன்றைய பயிற்சியின் பழுதுபார்ப்புக்கான சாப்பாடு. நீ நிறுத்தியிருப்பது அதைத்தான். குறைந்த சாப்பாட்டில் எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து இறங்கும், கால் வேகம் குறையும். வேகத்துக்காகச் செய்தது வேகத்தைத்தான் தின்றிருக்கிறது.

இனி அந்த “வேகம் போதாது” என்ற தீர்ப்புக்கு வருவோம்.

ஒரு மிட்ஃபீல்டரைப் பார்த்து இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சொல்வதில்லை. பந்து உன்னிடம் வந்த பிறகு ஆட்டம் தாமதமாகிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். உன் டச், அதாவது பந்தைக் காலால் வாங்கி அடக்கும் விதம், நன்றாக இருக்கிறது என்று இரண்டு இடத்திலும் சொல்லியிருப்பதால், இந்தச் சந்தேகம் எனக்கு வலுக்கிறது.

கணக்குப் போட்டுப் பார். 15 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு நல்ல பாஸ் உன்னிடம் வந்து சேர ஏறக்குறைய 1 நொடி ஆகும். உனக்குப் பின்னாலிருந்து ஓடிவரும் எதிரணிக்காரி அந்த 1 நொடியில் 6 மீட்டர் வந்துவிடுவாள். நீ முன்னதாகத் திரும்பிப் பார்த்து, உடம்பைப் பாதி திருப்பி வைத்து, தூரக் காலில் (பந்து வரும் பக்கத்துக்கு அப்பால் இருக்கும் காலில்) பந்தை வாங்கினால், அதே டச்சிலேயே முன்னோக்கிப் போய்விடலாம். பார்க்காமல், பாஸ் கொடுத்தவளை நேருக்கு நேர் பார்த்தபடி வாங்கினால், நிறுத்த ஒரு டச், திரும்ப ஒரு டச், தலை தூக்க அரை நொடி. மொத்தம் ஒன்றரை நொடி போகும். அதற்குள் அவள் உன் முதுகில் இருப்பாள். ஒரு வருடம் ஓடிப் பயிற்சி செய்தால் 30 மீட்டர் ஓட்டத்தில் நொடியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் குறையும். பந்து வருமுன் பார்த்துவிட்டால் ஒரு முழு நொடி மிஞ்சும். ஆகவே அங்கிருந்து தொடங்கு.

முதலில் உண்மை நிலவரம் தெரிய வேண்டும். நீ ஆடிய ஒரு முழுப் போட்டியின் வீடியோ எடு. உயரத்திலிருந்து, ஆடுகளத்தின் பாதியாவது தெரியும்படி எடுத்தது. நீ பந்து வாங்கிய ஒவ்வொரு தடவைக்கும் நான்கு விஷயம் குறி. பந்து வருமுன் இருந்த 5 நொடியில் எத்தனை முறை பந்தை விட்டுக் கண்ணை எடுத்து வேறு பக்கம் பார்த்தாய்? எந்தக் காலில் வாங்கினாய்? முதல் டச் எந்தத் திசையில் போனது? எத்தனை டச்சுக்குப் பிறகு பந்து உன்னை விட்டுப் போனது? முப்பது நாற்பது தடவைக்குக் குறித்தால் போதும், உன் வேகம் எங்கே தொலைகிறது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். ஒரே ஒரு முறை பார்த்தோ, பார்க்காமலோ வாங்கிய பந்துகளில்தான் பின்பக்க பாஸ் அதிகமாக இருக்கும்.

எப்போது பார்ப்பது என்பது ஒரு தனிக் கலை. சும்மா தலையை ஆட்டுவதில் பயன் இல்லை. தோழியின் காலிலிருந்து பந்து கிளம்பி இன்னொரு தோழிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது பந்துக்கு எதுவும் நேராது, அப்போது பார். அவள் பந்தை வாங்கித் தன் முதல் டச்சை எடுக்கும்போதும் பார்க்கலாம். அவள் உனக்குக் கொடுக்கத் தலையைக் குனியும்போது உன் கண் பந்துக்குத் திரும்பிவிட வேண்டும். பந்து கிளம்பிய பின், அது வரும் தூரத்தின் முதல் பாதியில் இன்னொரு சின்னப் பார்வை. இரண்டாம் பாதியில் கண் பந்தில்தான். பலர் செய்யும் தவறு, அந்த இரண்டாம் பாதியில் திரும்பிப் பார்ப்பது. டச் கெட்டுப்போகும், பிறகு பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். அடுத்த தவறு, உடம்பையே திருப்புவது. கழுத்து மட்டும் திரும்பினால் போதும், முகவாய் தோளைத் தொடும் அளவுக்கு. மூன்றாவது, எப்போதும் ஒரே தோள் பக்கம் பார்ப்பது; வலக்கால்காரர்களில் பலர் இடப்பக்கத்தை மறந்தே ஆடுகிறார்கள்.

இதற்குச் சுவரும் ஒரு தோழியும் போதும். மருத்துவர் அனுமதித்த பிறகு, சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி நில். உனக்குப் பின்னால் 8 மீட்டர் தூரத்தில், இடமும் வலமுமாக இரண்டு கோன். தோழி இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, விருப்பப்படி ஒரு கோனை நோக்கி நகர வேண்டும். நீ சுவரில் பந்தை அடிக்கிறாய். பந்து போகும்போது தோள் மேல் பார்க்கிறாய். தோழி எந்தப் பக்கம் போனாளோ, அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பைத் திறந்து, தூரக் காலால் பந்தை வாங்கி, முதல் டச்சிலேயே 1 முதல் ஒன்றரை மீட்டர் முன்னே தள்ளி, அந்தப் பக்கக் கோனைக் கடக்கிறாய். ஒரு சுற்றுக்கு 10 தடவை, நடுவில் 1 நிமிட ஓய்வு, மொத்தம் 4 சுற்று. பந்து பாதத்தின் அடியில் செத்து நின்றால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதே. இரண்டு வாரத்தில் இது எளிதாகிவிடும். அப்போது தோழியைத் தாமதமாக நகரச் சொல். உன் கடைசிப் பார்வையின் நேரம் அப்போதுதான் கூர்மையாகும்.

ஓட்ட வேகமும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் காலை 5 கிலோமீட்டர் அதைத் தராது. பெண்கள் ஆட்டத்தின் உயர்மட்டத்தில் ஒரு மிட்ஃபீல்டர் ஒரு போட்டியில் 10 முதல் 11 கிலோமீட்டர் ஓடுகிறார் என்பது உண்மைதான். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும். முடிவை மாற்றுவது இடையிடையே வரும் 5, 10 மீட்டர் பாய்ச்சல்கள். அதற்கான பயிற்சி: 10 மீட்டர் முழு வேக ஓட்டம் 6 முதல் 8 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 60 முதல் 90 நொடி ஓய்வு, வாரம் 2 நாள். நேராக நின்று மட்டும் தொடங்காதே. பக்கவாட்டில் நின்றும், பின்னோக்கி மெல்ல ஓடிவந்து திரும்பியும் தொடங்கு. ஆட்டத்தில் அப்படித்தான் தொடங்குவாய். பயிற்சியின் ஆரம்பத்தில், உடம்பு புத்துணர்ச்சியாக இருக்கும்போது செய்ய வேண்டும். பயிற்சி முடிந்து களைத்த பிறகு கோச் ஓடச் சொல்லும் ஸ்பிரின்ட் மூச்சை வளர்க்கும், வேகத்தை அல்ல. வாரம் 2 நாள் வலுப்பயிற்சி: ஸ்குவாட், ஒற்றைக்கால் ஸ்குவாட், ஒற்றைக்காலில் குதிகால் தூக்குதல், ஹாம்ஸ்ட்ரிங்குக்கு (தொடையின் பின்தசைக்கு) நார்டிக் பயிற்சி, அதாவது மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னே சாய்ப்பது. நார்டிக்கை 5 தடவை வீதம் 2 சுற்றில் தொடங்கு. முதல் வாரம் தொடையின் பின்புறம் பயங்கரமாகப் பிடித்துக்கொள்ளும், ஆகவே போட்டிக்கு முந்தின இரண்டு நாளில் செய்யாதே.

முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.சி.எல். எனப்படும் முன் குறுக்குத் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே அறுகிறது. பிரஸ் செய்ய (பந்து வைத்திருப்பவளை நெருக்க) வேகமாகப் போய், எதிரணிக்காரி திசை மாற்றியதும் நேரான காலை ஊன்றித் திரும்பும்போது, முழங்கால் உள்பக்கம் சரிந்து. ஒரே காலடியில் பிரேக் போடாமல், முழங்காலை மடக்கி மூன்று நான்கு குட்டை அடிகளில் நின்று பழகு. ஃபிஃபாவின் 11+ வார்ம் அப் 20 நிமிடம்தான்: 8 நிமிட ஓட்டம், 10 நிமிட வலு, குதிப்பு, சமநிலை, 2 நிமிட வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து 2008ல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. குதித்து இறங்கும்போது இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று முத்தமிட்டால் அந்தக் குதிப்பு தவறு. கைப்பேசியில் முன்னாலிருந்து படம் எடுத்துப் பார். செயற்கைப் புல்லில் நீளமான பிளேடு ஸ்டட் (அடியில் துருத்தி நிற்கும் தகடு போன்ற முள்) உள்ள பூட்ஸ் போடாதே. பாதம் புல்லில் மாட்டிக்கொள்ளும், முழங்கால் மட்டும் திரும்பும். செயற்கைப் புல்லுக்கென்றே குட்டையான, எண்ணிக்கை அதிகமான ஸ்டட் உள்ள பூட்ஸ் இருக்கிறது. ஏ.சி.எல். அறுந்தால் திரும்ப 9 மாதமாவது ஆகும். உலகின் சிறந்த மிட்ஃபீல்டராக இருந்த அலெக்சியா புட்டெல்லாஸ் 2022 ஜூலையில் காயப்பட்டு, 2023 ஏப்ரல் இறுதியில்தான் களத்துக்குத் திரும்பினார்.

டிரையலில் இன்னொன்றும் நடந்திருக்கலாம். மிட்ஃபீல்டர் என்று மட்டும் சொல்லிப் போனாயா? நடுக்களத்தின் இடங்களைக் குறிக்கும் எண்கள் 6, 8, 10; மூன்றும் மூன்று வேலை. 6ஆம் எண் தடுப்புக்கு முன்னால் நின்று பந்தை முதலில் வாங்குபவள். அவளுக்கு வேண்டியது நிற்கும் இடமும் முன்கூட்டியே பார்க்கும் கண்ணும். 8 இரண்டு கோல்களுக்கும் முன்னால் உள்ள பெனால்டி பெட்டிகளுக்கு இடையே ஓடுபவள். ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடும் உடம்பு வேண்டும். 10 எதிரணித் தடுப்பின் வாசலில், முதுகில் ஆள் இருக்கும்போது திரும்புபவள். நல்ல டச்சும் சுமாரான ஓட்டமும் உள்ள பெண்ணை 8ல் நிறுத்தினால் மெதுவாகத்தான் தெரிவாள். அதே பெண் 6ல் நன்றாகத் தெரியக்கூடும். 6ஆம் எண் மதிப்புக் குறைந்த இடம் என்று எண்ணாதே. 2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் கெய்ரா வால்ஷ் பார்சிலோனாவுக்கு மாறியபோது, அவருக்காகக் கிளப் கொடுத்தது பெண்கள் கால்பந்தின் அன்றைய உலக சாதனைத் தொகை. அவர் ஆடுவது 6ஆம் இடம்.

அடுத்த டிரையலுக்குப் போகுமுன் உன் இடத்தைச் சொல்லிக் கேள். தெரியாத தோழிகளோடு ஆடும் 20 நிமிடத்தில் பந்து தானாக உன்னிடம் வராது. உனக்குப் பின்னால் ஆடும் இரண்டு தடுப்பு வீராங்கனைகளின் பெயரை முன்பே கேட்டு வைத்துக்கொள், முதல் நிமிடத்திலிருந்து பேசு: “திரும்பு”, “ஆள் வருது”, “ஒன் டச்”. பேசுகிறவளுக்குப் பந்து வரும், தேர்வாளர் கண்ணும் வரும். முதல் மூன்று பாஸை எளிதாகவும் அழுத்தமாகவும் கொடு, வாங்குபவளின் தூரக் காலுக்கு. பந்தைத் தொலைத்தால் அடுத்த 5 நொடி என்ன செய்கிறாய் என்பதைத் தேர்வாளர்கள் உன் சிறந்த பாஸைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். வீடியோ அனுப்பச் சொன்னால் 3, 4 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாட்டு வேண்டாம். ஒவ்வொரு காட்சியும் நீ பந்து வாங்குமுன் 5 நொடியிலிருந்து தொடங்கட்டும். நீ பார்ப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். கூடவே வெட்டாத ஒரு முழுப் போட்டி.

இப்போது ஏஜென்ட் தாள். கையெழுத்துப் போடாதே, அப்பாவையும் போட விடாதே. காரணம் சொல்கிறேன். ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா உரிமம் இருக்க வேண்டும். பெயரைக் கொடுத்து ஃபிஃபாவின் இணையப் பட்டியலில் நீங்களே பார்க்கலாம். ஃபிஃபா விதிப்படி வீராங்கனையோடு ஏஜென்ட் போடும் ஒப்பந்தம் 2 வருடத்துக்கு மேல் போகக் கூடாது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்தும் செல்லாது. ஐந்து வருடத் தாள் என்பதே கேள்விக்குரியது. 18 வயதுக்குக் கீழே இருப்பவரிடம் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்காமல் பேசவே கூடாது. “வெளிநாட்டுக் கிளப்” என்பதையும் யோசி. குறுகிய சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்கு முன் ஒரு வீராங்கனை நாடு விட்டு நாடு மாறிப் பதிவு செய்ய முடியாது. டிரையலுக்கு, விசாவுக்கு, பதிவுக்கு என்று முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பயண டிக்கெட்டைக் கிளப்பின் அழைப்புக் கடிதம் பார்த்து, அந்தக் கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதி உறுதி செய்த பிறகுதான் வாங்க வேண்டும்.

நாளை உண்மையிலேயே ஒரு கிளப் ஒப்பந்தம் நீட்டினால் எதைப் பார்ப்பது? ஃபிஃபா விதியில் வீராங்கனை ஒப்பந்தம் அதிகபட்சம் 5 வருடம், 18 வயதுக்குக் கீழே 3 வருடம். “மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டும் செல்லும்”, “விசா கிடைத்தால் செல்லும்” என்று நிபந்தனை போட முடியாது. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே கிளப் செய்துகொள்ள வேண்டும். காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் முழுதாக வருமா, இரண்டாவது மருத்துவரின் கருத்தை நீ கேட்கலாமா, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். தங்குமிடம் கிளப் தருகிறதென்றால், ஒப்பந்தம் முறிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் பார். தெரியாத ஊரில் பெண்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பொறுத்து, தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். வாய்வார்த்தையில் கேட்டதெல்லாம் கணக்கில் வராது. ஒப்பந்தம் உனக்குத் தெரியாத மொழியில் இருந்தால், மொழிபெயர்ப்பு வரும்வரை பேனாவை எடுக்காதே. தாளைப் படித்துச் சொல்ல, வீரர் சங்கத்தையோ விளையாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ பார். ஏஜென்ட் கூட்டிவரும் வழக்கறிஞர் வேண்டாம்.

மாதவிடாய், கர்ப்பம் இரண்டுக்கும் இப்போது ஃபிஃபா விதியில் இடம் இருக்கிறது. 17 வயதில் இது தூரத்து விஷயமாகத் தெரியும், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள். 2021லிருந்து குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு, அதில் 8 வாரமாவது பிரசவத்துக்குப் பின், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். கர்ப்பமானதற்காக ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. 2024லிருந்து, மாதவிடாய் உடல்நலக் காரணத்துக்காக மருத்துவச் சான்றோடு பயிற்சியையும் போட்டியையும் விடலாம், முழுச் சம்பளத்தோடு. இவற்றுக்கு எதிரான ஷரத்து எந்தத் தாளில் இருந்தாலும் அந்தக் கிளப்பைப் பற்றி அது நிறையச் சொல்கிறது.

அப்பாவின் கேள்வி நியாயமானது. அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. பெண்கள் கால்பந்தில் முழுநேரச் சம்பளம் தரும் லீக்குகள் குறைவு. இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கே 2018ல்தான் முழுமையாகத் தொழில்முறை ஆனது. அந்த லீக்குகளுக்கு வெளியே, வேலையும் படிப்புமாக ஆடுபவர்கள்தான் அதிகம். ஒரே முழங்கால் காயத்தில் ஒரு வருடம் போகும். ஆகவே படிப்பைப் பந்துக்கு எதிரி என்று பார்ப்பவர்கள் இந்தத் தொழிலின் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். 18 வயதில் இரண்டு வழி இருக்கிறது. லிண்ட்சே ஹோரன் 2012ல் அமெரிக்கப் பல்கலைக்கழக உதவித்தொகையை விட்டுவிட்டு நேராக பாரிஸ் கிளப்பில் சேர்ந்தார், பிறகு அமெரிக்க அணியின் தலைவியாகவும் ஆனார். ஆனால் அவருடைய தலைமுறை அமெரிக்க வீராங்கனைகளில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பட்டத்தோடு வந்தவர்கள். உன் முன் ஒரு நல்ல கிளப்பின் முதல் அணி ஒப்பந்தம் இல்லாதவரை இரண்டாவது வழிதான் உனக்குச் சரி என்பது என் தீர்மானமான கருத்து. விளையாட்டு உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், எந்த ஏஜென்ட் தாளிலும் கிளப் தாளிலும் கையெழுத்துப் போடுமுன், அது உன் தகுதியைப் பாதிக்குமா என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் தகுதிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை நம்பிப் போடாதே.

அவசரம் இல்லையம்மா. பிரேசிலின் ஃபோர்மிகா, மிட்ஃபீல்டர்தான், 1995லிருந்து 2019 வரை ஏழு உலகக் கோப்பைகளில் ஆடினார். பாரிஸ் கிளப்பில் அவர் சேர்ந்தபோது வயது 38. ஓட்ட வேகம் குறைந்த பிறகும் கண் வேகத்தால் ஆட்டத்தை நடத்த முடிகிற இடம் நடுக்களம். உனக்கு 17. இரண்டு டிரையல் போனதில் எதுவும் முடிந்துவிடவில்லை.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, பி.கு.வோடு சேர்த்துக் காட்டு. மருத்துவரிடம் போகும்போது, கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, கால் வலி தொடங்கிய தேதி, கடந்த மூன்று நாளில் சாப்பிட்டது, வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி, இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. ஓட அனுமதி கிடைக்கும்வரை சுவர்ப் பயிற்சியையும் தொடாதே. அந்த நாட்களில் உட்கார்ந்த இடத்திலேயே செய்ய ஒரு வேலை இருக்கிறது: பெண்கள் போட்டி ஒன்றைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் 6ஆம் எண் வீராங்கனையின் தலையை மட்டும் 15 நிமிடம் பார். அவள் எப்போது பார்க்கிறாள், எந்தத் தோள் மேல் பார்க்கிறாள் என்று எண்ணு. எண்ணிக்கையை எழுதி, உன் வீடியோவிலிருந்து எடுத்த தாளுக்குப் பக்கத்தில் வை.